பேஸ் சரியில்லை

அச்சகத்தில் அவருக்கு ஒற்றர் என்று பெயர். உளவு பார்த்ததால் வந்த பெயர் அல்ல. எவனோ எழுதியதில் எங்கே ஒரு க் விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஒரு ச் அழையாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒற்றெழுத்தைத் தேடித் தேடிப் பிடித்ததால் வந்த பெயர். மெய்ப்புத் திருத்துவது அவர் தொழில். அதை அச்சக வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் ஆளும் இல்லை. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் பிழை எங்கே என்று பார்ப்பார். பெற்ற மகள் கல்லூரி விடுதியிலிருந்து எழுதிய கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவர் அவர். அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டிருந்தாள். அதற்குப் பதில் வரவில்லை. அந்த வரியின் கடைசியில் கேள்விக்குறி இல்லை என்பது மட்டும் வட்டம் போட்டுக் காட்டப்பட்டிருந்தது. அதோடு அவள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டுப் போனில் பேச ஆரம்பித்தாள்.

இவ்வளவு பட்டும் அந்தப் பெண் போய்ச் சேர்ந்த வேலை எழுத்து வேலைதான். வேறு ஊரில், உயர்ந்த ரக ஸ்பீக்கர்களை வரவழைத்து விற்கும் பெரிய கடை. பெட்டியோடு வரும் விளக்கப் புத்தகங்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும். முதலில் தற்காலிகம், எழுத்து பிடித்திருந்தால் நிரந்தரம். முதல் புத்தகத்தை எழுதி முடித்ததும், அப்பா இருக்கும் அச்சகத்திலேயே அச்சடிக்கலாம் என்று மேனேஜரிடம் அவளே சிபாரிசு செய்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

அந்தப் புத்தகத்தில் அவள் இரண்டு சொற்களைப் பயன்படுத்தியிருந்தாள். ஒன்று பேஸ்: பாட்டின் அடியில் தரையோடு தரையாக வரும் தடித்த ஒலி. இன்னொன்று ஃபேஸ்: இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் கம்பிகள் ஒரே முறையில் சேர்ந்திருப்பது. ஒரு பெட்டியில் மட்டும் கம்பி மாறிவிட்டால், இது காற்றைத் தள்ளும்போது அது இழுக்கும். ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும். எனவே அவள் தெளிவாக எழுதியிருந்தாள்: ‘ஃபேஸ் மாறினால் பேஸ் குறையும்.’

கடைசி மெய்ப்பு ஒற்றரின் மேசைக்கு வந்தது. ஆய்தம் சொல்லின் முதலில் வராது. வரவே வராது. முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லினம் என்று இரண்டு பக்கமும் துணை இல்லாமல் அது வீட்டை விட்டு வெளியே கிளம்பாது. அவர் ஒவ்வொரு ஃபேஸின் தலையிலும் இருந்த மூன்று புள்ளிகளைச் சீவி எடுத்தார். ஸ் என்ற எழுத்தும் அவருக்கு ஆகாததுதான். ஆனால் அதையும் மாற்றினால் ‘பேசு’ என்றாகிவிடும், ஸ்பீக்கர் புத்தகத்தில் அது அதட்டுகிற மாதிரி இருக்கும் என்று பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார். இப்போது அந்த வரி ‘பேஸ் மாறினால் பேஸ் குறையும்’ என்று நின்றது. ஒரே வரியில் ஒரே சொல் இரண்டு தடவையா? கூறியது கூறல் என்னும் குற்றம் அல்லவா! இரண்டாவது பேஸையும் வெட்டினார். ‘பேஸ் மாறினால் குறையும்’ என்று அச்சாயிற்று. இப்படி ஒரு வரியைச் செய்தவரை யாராவது ஒரு உதை விட்டிருக்க வேண்டும். அச்சகத்திலோ அண்ணன் கண்ணுக்கு ஒரு பிழையாவது தப்ப முடியுமா என்று மெச்சிக்கொண்டார்கள்.

அச்சாகி வந்த புத்தகத்தை மகள் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பா கை பட்ட பிறகு தான் எழுதியதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. புத்தகங்கள் பெட்டிகளுக்குள் போயின. பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. அவற்றில் ஒரு ஜோடி ஒற்றர் வீட்டுக்கும் வந்தது. ஓரத்தில் கீறல் விழுந்த ஜோடி என்பதால் கடையில் சலுகையாகக் கிடைத்ததை மகள் அப்பாவுக்கென்று வாங்கி அனுப்பியிருந்தாள். ஒற்றருக்கு உள்ளூர ஒரே பெருமை. அது மனைவிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, மேலே ஒட்டியிருந்த சீட்டில் ‘கவணம்’ என்று எழுதியிருந்ததைக் காட்டிச் சிரித்தார்.

மகளின் அறை காலியாகத்தான் கிடந்தது. கட்டிலையும் அலமாரியையும் வெளியே தள்ளி அதைப் பாட்டு கேட்கும் அறையாக்கினார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. தான் பார்த்துத் திருத்திய புத்தகம், அதில் தப்பு வருமா? பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல் முன்னால் இழுத்தார். சணல் கயிற்றைப் பிடித்து, இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் தன் நாற்காலியையும் போட்டார். மெல்லிய ஒலி வரும் மேல் வட்டங்கள் காதின் உயரத்துக்கு வரும்படி தாங்கிகளை ஏற்றி இறக்கினார். சண்டை போட்டுவிட்டுச் சமாதானத்துக்கு வந்த இருவர் மாதிரி பெட்டிகள் லேசாக உள்பக்கம் முகம் திருப்பியிருக்க வேண்டுமாம், திருப்பினார். கம்பிகளைச் சொருகினார். கம்பி ஜோடியில் ஒன்றின் மேல் மெல்லிய கோடு ஓடியது. அது அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்துவிட்டார். வலது பெட்டியில் கம்பி மாறிப்போயிற்று.

பாட்டைப் போட்டார். அவர் பல காலமாகக் கேட்டுவரும் பாடகி. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஆளே வந்து நின்று பாடுவது போல இருக்கும் என்றது புத்தகம். ஆளைக் காணோம். குரல் ஜன்னல் பக்கமிருந்து வருகிறதா, தன் பிடரிக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. மத்தளம் தகர டப்பாவாகியிருந்தது.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். “எப்படிப்பா இருக்கு?”

“பிரமாதம்,” என்றார் ஒற்றர். வேறு என்ன சொல்வது? அவள் வாங்கி அனுப்பியது.

மறுநாள் முதல் வீட்டில் பேஸைத் தேடும் படலம் தொடங்கியது. பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குரலைக் குழப்பும் என்றது புத்தகம். கேட்பவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் பெட்டி தெரிகிறதோ, அங்கே கனத்த துணியைத் தொங்கவிட வேண்டும். கண்ணாடியோடு மனைவி வந்து நின்றாள்.

“தெரியுதா?”

“இன்னும் கொஞ்சம் நகரு.”

“இப்ப?”

“இப்ப நீதான் தெரியறே.”

“அடேயப்பா! இத்தனை வருஷத்துல இன்னிக்காவது தெரிஞ்சேனே.”

“பேச்சை விடு. கண்ணாடியைச் சாய்க்காதே.”

கண்டுபிடித்த இடத்தில் வீட்டிலிருந்த ஒரே நல்ல கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டார். கம்பளி போனதுதான் மிச்சம், பேஸ் வரவில்லை. நாற்காலியை முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். ஜன்னலை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். சுவர் கோணலாகக் கட்டியிருக்கிறது என்று கொத்தனாரைத் திட்டினார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பிறகு தச்சரை வரவழைத்தார். அந்த வீட்டு அலமாரிகளைச் செய்தவர், பழக்கமானவர். அவரை அறைக்குள் கூட்டிப்போய்ப் பாட்டைப் போட்டு, “பேஸ் பத்தல. ரொம்ப லேசா இருக்கு. நல்லா கனமா வரணும்,” என்றார்.

தச்சர் பெட்டிக்கு அடியிலிருந்த தாங்கியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். “எனக்கும் உள்ள வந்ததும் அதான் சார் தோணிச்சு. கவலைப்படாதீங்க. கனமாவே குடுத்துடறேன்.”

தச்சருக்குக் கூடக் காது இருக்கிறதே என்று ஒற்றர் மகிழ்ந்துபோனார். அடுத்த வாரம் ஆளைக் கூட்டிக்கொண்டு தச்சர் இரண்டு கட்டைப் பீடங்களைத் தூக்கிவந்து இறக்கினார். “பேஸ்னா இதான் சார் பேஸ். பூகம்பமே வந்தாலும் ஆடாது.” தான் சொன்ன பேஸ் அதுவல்ல என்று ஒற்றர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் சொல்லில் குழப்பம் இருந்தது என்று ஆகிவிடும். அதற்கு அந்தப் பீடங்களே தேவலை. “பெட்டியை எடுத்துட்டு உங்களையே ஏத்தி நிக்க வச்சிடலாம், சிலை மாதிரி,” என்றாள் மனைவி.

புத்தகத்தை மறுபடி புரட்டினார். ‘இரண்டு பக்கமும் பேஸ் ஒன்றாக உள்ளதா எனச் சரிபார்க்கவும்’ என்று ஓரிடத்தில் இருந்தது. மாறியிருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். “பேஸ் மாறியிருக்கோன்னு ஒரு சந்தேகம்,” என்றார். எலெக்ட்ரீஷியன் நேராகச் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டுக்குப் போய் டெஸ்டரைச் செருகினான்.

“ஐயய்யோ, மாறித்தான் சார் இருக்கு! எந்தப் புண்ணியவான் சார் வயரிங் பண்ணினது?”

“அப்படியா?” என்ற ஒற்றருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அவன் அந்த அறையில் மாற்றினான். கையோடு வீடு முழுக்க மாற்றினான். பெட்டிக்குப் பின்னால் மட்டும் கை வைக்கவில்லை. “அது கம்பெனி சமாச்சாரம் சார், நான் தொட்டா கேரண்டி போயிடும். இனிமே ஃபேஸ் பத்திக் கவலையே வேணாம்,” என்று சொல்லிவிட்டுப் போனான். கரண்ட் விஷயத்தில் வீடு ஒழுங்காயிற்று. மத்தளம் தகர டப்பாவாகவே இருந்தது.

சாப்பிடும்போது மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். “என்னங்க, கொஞ்ச நாளா உங்க பேஸே சரியில்ல.”

“அதைத்தானே நானும் தலைகீழா நின்னு தேடறேன்!”

“மூஞ்சியைச் சொன்னேன்.”

போனில் மகள் கேட்டபோதெல்லாம் அவர் பிரமாதம் என்றே சொல்லிவந்தார். அவளும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவள் அவர் இல்லாத நேரம் பார்த்து அம்மாவிடம் மட்டும் பேச ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது மனைவி போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா.”

“சரி, விடு.”

“நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்காராம்,” என்றாள் அவள் உடனே. “புத்தகத்துல தப்பு இருக்குன்னு கடைக்கு ஒரே போனாம். வேலை நிக்குமோ நிக்காதோன்னு பயந்துபோயிருக்கா. தப்பு என்னோடதுதான்னு சொல்லிடப் போறாளாம்.”

“என்ன தப்பு? நான் பார்த்த புத்தகம் அது!”

“அதனாலதான் சொல்லக் கூடாதுன்னா. பேஸ்ங்கற வார்த்தையில எதையோ காணோமாம். மூணு புள்ளி.”

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஒற்றர் அறைக்குள் போனார். புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பேஸாக விரல் வைத்து, ஆய்தத்தைத் திரும்பவும் மனத்துக்குள் ஏற்றிப் படித்தார். ‘ஃபேஸ் மாறினால் பேஸ் குறையும்.’ எவ்வளவு சின்ன வாக்கியம்! ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும். வலது பெட்டியைப் பீடத்தோடு மூச்சுப் பிடித்து நகர்த்தி, பின்பக்கம் குனிந்தார். கோடு போட்ட கம்பி இடது பெட்டியில் சிவப்பு முனையில் இருந்தது, வலது பெட்டியில் கறுப்பு முனையில் இருந்தது. கழற்றி மாற்றிச் சொருகிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

பாடகி வந்துவிட்டாள். இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில், வந்து நின்று மூச்சை இழுத்தாள். மத்தளத்தின் அடி தரையோடு வந்து பாதத்தைத் தொட்டது. ஒற்றருக்கு அழுகை வந்தது. பாட்டு நன்றாக இருந்ததற்காக அல்ல. வெட்கத்தில் வந்த அழுகை. கம்பளியும் கண்ணாடியும் பீடமுமாக அவர் இத்தனை நாள் எதைத் தேடினாரோ அதைத் தன் பெண் ஒரே வரியில் எழுதிவைத்திருந்தாள். அந்த வரியைக் கொன்றவர் அவர்தான்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். “அட, நல்லாருக்கே! என்ன பண்ணீங்க?”

“அவ எழுதினபடி பண்ணினேன்.”

“இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவகிட்ட சொல்லுங்க.”

போனை எடுத்தார், வைத்தார். நீ எழுதியது சரி என்று அந்தப் பெண்ணிடம் அவர் ஒரு தடவையும் சொன்னதில்லை. அந்த வாக்கியம் நாக்கில் புரளவே மாட்டேன் என்றது. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் ஊருக்குக் கிளம்பினார். மகளின் வேலை போய்விடக் கூடாது, அவ்வளவுதான். வழியெல்லாம் மேனேஜரிடம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனார். இலக்கணப்படி தான் செய்தது தப்பில்லை என்ற ஒரு வாக்கியம் மட்டும் எப்படி அடுக்கினாலும் முதலில் வந்து நின்றது.

கடையின் பின்பக்கக் கண்ணாடி அறையில் மேனேஜருக்கு எதிரே மகள் உட்கார்ந்திருந்தாள். ஒற்றர் யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“சார், தப்பு அவளோடது இல்ல. இலக்கணப்படி ஆய்தம் சொல்லுக்கு முதல்ல... சரி, அது கிடக்கட்டும். தப்பு என்னோடது. அவ சரியாத்தான் எழுதியிருந்தா. அவளை வேலையை விட்டு எடுக்காதீங்க.”

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க யாரு சார்?”

“இவ அப்பா. உங்க புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவன்.”

மேனேஜர் எழுந்தே விட்டார். சுற்றிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அந்தக் கை உங்க கையா! உக்காருங்க சார். யாரு இவங்களை வேலையை விட்டு எடுக்கறது? நிரந்தரம்னு இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன். இவங்களும் தப்பு தப்புன்னுதான் ஆரம்பிச்சாங்க. தப்பாவது! இந்தப் புத்தகம் வந்ததுல இருந்து தனியா விக்கற பேஸ் பாக்ஸ் கடையில நிக்க மாட்டேங்குது சார். வர்றவங்க எல்லாம் புத்தகத்தை நீட்டறாங்க. ‘பேஸ் மாறினால் குறையும்னு போட்டிருக்கே, எனக்குக் குறையுது, பெரிசா ஒண்ணு குடுங்க’ங்கறாங்க. எங்க விளம்பர ஆளுங்க மண்டையை உடைச்சுக்கிட்டாலும் இப்படி ஒரு வரி வராது.”

“அது பிழை சார்!”

“இருக்கட்டுமே.”

“அடுத்த அச்சுல திருத்தியாகணும்.”

“ஒரு புள்ளியைத் தொடக் கூடாது. அடுத்த புத்தகமும் தயாராகுது. இவங்க எழுதட்டும், நீங்க பாருங்க. இதே மாதிரி பாருங்க.”

ஒற்றர் மகளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள், மேசையைத் தட்டிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

“சரி சார்,” என்றாள் மகள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் கூட வந்தாள். ஒற்றருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “தப்புன்னு தெரிஞ்சும் சரின்னுட்டு வந்துட்டியே!”

“சின்ன வயசுலேருந்து நான் சரியா எழுதினதைத் தப்புன்னு நீங்க சொன்னப்பவும் சரின்னுதான் சொன்னேன். அப்ப உங்களுக்குக் கோபம் வரலையே.”

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். அவள் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டாள். “போன் பண்றவங்களுக்கெல்லாம் கம்பியை மாத்திப் போடுங்கன்னு நானே சொல்லிடறேன்பா. நேரா கடைக்கு வந்து மாட்டிக்கறவங்களை என்னால ஒண்ணும் பண்ண முடியல. நீங்களும் ஒரு வார்த்தை நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா உங்ககிட்டயும் கம்பியை மாத்தச் சொல்லியிருப்பேன்.”

“நீ வாங்கிக் குடுத்தது. அதைப் போய் எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?”

“நான் எழுதினதை மட்டும் சொல்லலாமாப்பா?”

பஸ் வந்து நின்றது. இன்ஜின் போட்ட சத்தத்தில் நிறுத்தமே அதிர்ந்தது. படியில் ஒரு காலை வைத்த ஒற்றர் திரும்பி, உதட்டுக்குள் எதையோ சொன்னார்.

“என்னப்பா? கேக்கல.”

முதல் தடவையே அவளுக்குக் கேட்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீ எழுதினதுதான் சரின்னேன்!” என்று கத்தினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

“எனக்கு எழுதும்போதே தெரியும்பா,” என்றாள் மகள். “ஏறுங்க, பஸ் எடுக்கப் போறான்.”